நடுநிலை என்றொரு துறைமுகம்

ஒன்பதாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மாதவரம் வீட்டில், கேபிள் டிவியில் ‘தி சீ வுல்வ்ஸ்’ பார்த்தேன். அப்பாவும் கூட உட்கார்ந்தார். அவர் இங்கிலீஷ் படம் பார்ப்பது அபூர்வம். சேனலை மாற்றச் சொல்லத்தான் வந்தார். திரையில் துறைமுகம் தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ராயபுரத்தில் பிறந்து, சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் கணக்கு எழுதுவது வேலை. எந்தப் படத்தில் கப்பல் வந்தாலும் கதையை விட்டுவிட்டு கிரேனைப் பார்ப்பார்.

கடைசியில் கப்பல் எரிகிறது, கிழட்டு வீரர்கள் தப்பித்துப் போகிறார்கள், நான் கை தட்டினேன். அப்பா மட்டும் முகத்தைச் சுளித்தார். “அதெல்லாம் சரிடா. கப்பல கொளுத்திட்டு அவன் பாட்டுக்கு பூட்டான். காலைல வந்து அத்த யாரு எடுக்கறது?”

அப்போது சிரித்தேன். ‘இன்னாப்பா, படம்பா’ என்று சொன்னதாகவும் ஞாபகம். இருபது வருஷம் கழித்து, இப்போது அந்தப் படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதும்போது, இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட சரியான விமர்சனம் அதுதான் என்று தோன்றுகிறது. நான் செய்யப்போவது அந்த ஒரு வரிக்கு உரை எழுதுவது, அவ்வளவுதான்.

*

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். 1943. உலகப் போர் உச்சத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியா போரில் இருக்கிறது. ஆனால் கோவா இல்லை. ஏனென்றால் கோவா போர்ச்சுகலுடையது, போர்ச்சுகல் நடுநிலை நாடு. கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில் மூன்று ஜெர்மன் சரக்குக் கப்பல்களும் ஒரு இத்தாலியக் கப்பலும் நங்கூரமிட்டு நிற்கின்றன. எரன்ஃபெல்ஸ், ட்ராகன்ஃபெல்ஸ், பிரவுன்ஃபெல்ஸ், அன்ஃபோரா. போர் தொடங்கியபோது பிரிட்டிஷ்காரர்களிடம் சிக்காமல் இருக்க நடுநிலைத் துறைமுகத்துக்குள் ஓடி வந்தவை. எரன்ஃபெல்ஸில் ஒரு ரகசிய ரேடியோ டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது, நேச நாட்டுக் கப்பல்களின் நடமாட்டத்தை அது நீர்மூழ்கிகளுக்குச் சொல்கிறது என்று பிரிட்டிஷ் உளவுத்துறை சந்தேகப்படுகிறது. ராணுவத்தை அனுப்பினால் நடுநிலையை மீறியதாகிவிடும். அதனால் கல்கத்தா லைட் ஹார்ஸ் என்ற தன்னார்வப் படையில் பெயருக்கு உறுப்பினர்களாக இருந்த, நடுவயதைத் தாண்டிய வியாபாரிகளையும் கம்பெனி அதிகாரிகளையும் திரட்டுகிறார்கள். மாட்டிக்கொண்டால் ‘குடித்துவிட்டுச் செய்த கூத்து’ என்று சொல்லித் தப்பிக்கலாம்.

இது நடந்த கதை. சுமார் 18 பேர். கல்கத்தா துறைமுகத்தில் தூர்வாரிய சேற்றைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டும் ஹாப்பர் பார்ஜ் ஒன்று, பெயர் ஃபீபி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு கொச்சிக்கு வந்தது. ஆட்களில் பெரும்பாலானோர் ரயிலில் கொச்சிக்குப் போய் அதில் ஏறிக்கொண்டார்கள். கல்கத்தாவிலிருந்து தெற்கே வரும் ரயில் இன்றைக்கும் எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ் என்று நம்ம ஏரியாவைக் கடந்துதான் சென்ட்ரலுக்குள் நுழையும். ஒரு உலகப் போர் ரகசியம் வேட்டி காய்ந்துகொண்டிருந்த எங்கள் கொல்லைப்புறங்களின் ஓரமாகப் போயிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

1943 மார்ச் 9 இரவு அவர்கள் எரன்ஃபெல்ஸில் ஏறினார்கள். அன்றிரவு கரையில் விருந்துக்கும் விலைமாதர் வீட்டுக்கும் முன்கூட்டியே பணம் கொடுத்து, கப்பல்களில் ஆட்கள் குறைவாக இருக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். கேப்டனும் மாலுமிகள் சிலரும் கொல்லப்பட்டார்கள். கப்பல் எரிந்து மூழ்கியது. அதைப் பார்த்த மற்ற மூன்று கப்பல்களின் மாலுமிகள், பிரிட்டிஷ் படையே வந்துவிட்டது என்று நினைத்து, தங்கள் கப்பல்களைத் தாங்களே கொளுத்தி மூழ்கடித்தார்கள். தாக்கியவர்கள் ஒருவர் விடாமல் திரும்பிப் போனார்கள். 1978இல் ஜேம்ஸ் லீசர் ‘போர்டிங் பார்ட்டி’ என்ற புத்தகத்தை எழுதும்வரை வெளியுலகத்துக்கு இது பெரிதாகத் தெரியாது. 1980இல் ஆண்ட்ரூ மெக்லாக்லன் அதைப் படமாக்கினார்.

*

படம் மோசமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இதை மூன்று முறை பார்த்திருக்கிறேன். கிரெகரி பெக், டேவிட் நிவென், ட்ரெவர் ஹோவர்ட் எல்லாரும் அறுபதைத் தாண்டிய வயதில், மூச்சு வாங்கிக்கொண்டு, கயிற்றில் ஏறப் பழகும் காட்சிகளில் ஒரு உண்மையான இரக்கம் இருக்கிறது. தங்கள் காலம் முடிந்துவிட்டது என்று தெரிந்த மனிதர்கள் கடைசியாக ஒருமுறை தேவைப்படுகிறார்கள். அந்த உணர்வு நடிகர்களுக்கும் பொருந்தியது, அவர்கள் நடித்த பாத்திரங்களுக்கும் பொருந்தியது, அவர்களை அனுப்பிய சாம்ராஜ்யத்துக்கும் பொருந்தியது. படம் மவுண்ட்பேட்டனுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டிருக்கிறது. அது தற்செயல் இல்லை. இது சாம்ராஜ்யம் தன்னுடைய இளமையை நினைத்துப் பார்க்கும் படம்.

என் பிரச்சினை வேறு. இந்தப் படத்தின் இயந்திரம் முழுக்க ஒரே ஒரு எரிபொருளில் ஓடுகிறது: கோவாவின் நடுநிலை. அது இல்லையென்றால் கதையே இல்லை, ஒரு போர்க்கப்பலை அனுப்பி வேலையை முடித்திருப்பார்கள். ஆனால் படத்துக்கு அந்த நடுநிலை மேல் கொஞ்சம்கூட ஆர்வம் கிடையாது. அது தாண்டிக் குதிக்க வேண்டிய ஒரு வேலி. அந்தப் பக்கம் இருக்கும் கோவா ஒரு வெள்ளை கோட் சூட் உலகம். சூதாட்ட மேஜை, விருந்து, ரோஜர் மூருக்கு ஒரு காதல். ரோஜர் மூர் அப்போது ஜேம்ஸ் பாண்டாகவும் இருந்தார், அந்தக் காட்சிகளில் இங்கேயும் ஜேம்ஸ் பாண்டாகவே இருக்கிறார். பார்பரா கெல்லர்மன் நடித்த ஜெர்மன் உளவாளிப் பெண் சினிமாவுக்காகச் சேர்த்தது. போர்த்துகீசிய அதிகாரிகள் குடிப்பவர்கள், ஏமாறுபவர்கள். நடுநிலையாக இருப்பவன் ஒன்று முட்டாள், அல்லது விலைக்குக் கிடைப்பவன். படம் இதை எந்த வசனத்திலும் சொல்வதில்லை. கேமரா சொல்கிறது.

இதற்கு ஒரு பழைய இலக்கணம் உண்டு. போர்ப் படங்களில் நடுநிலை என்பது நாயகன் நாயகனாவதற்கு முன்னால் இருக்கும் நிலை. ‘காஸபிளாங்கா’வில் ஹம்ஃப்ரி போகார்ட் முதல் பாதி முழுக்க யாருக்காகவும் எதையும் செய்ய மாட்டேன் என்கிறார். கடைசியில் பக்கம் எடுக்கிறார், நாம் கண் கலங்குகிறோம். அதில் எல்லாரும் தப்பித்துப் போகத் துடிக்கும் ஊர் லிஸ்பன். நடுநிலை நாட்டின் தலைநகரம். அதாவது கதையின் அறம் ‘நடுநிலையை விடு’ என்கிறது. கதையின் விமானமோ நடுநிலையை நோக்கிப் பறக்கிறது. இந்த முரண் ‘காஸபிளாங்கா’வைப் பெரிய படமாக வைத்திருக்கும் விஷயங்களில் ஒன்று. ‘தி சீ வுல்வ்ஸ்’ படத்தில் அந்த விமானம் இல்லை.

கோவாக்காரர்களும் இல்லை. படத்தில் இந்தியர்கள் வருகிறார்கள், போகிறார்கள். மனதில் நிற்கிற மாதிரி ஒருவரும் இல்லை. துறைமுகத்தைப் பற்றிய படத்தில் ஒரு மூட்டை தூக்குபவர் முகம்கூட நினைவில் தங்குவதில்லை. அப்பா எதைத் தேடினார் என்று இப்போது புரிகிறது. அவர் தன்னைத் தேடியிருக்கிறார்.

*

படம் முடியும்போது திரையில் ஒரு குறிப்பு வருகிறது. மார்ச் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் வரிசையாகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. இந்தத் தாக்குதலுக்குப் பிறகு அந்த மாதத்தில் அது சட்டென்று குறைந்துவிட்டது என்பது அதன் சாரம். பார்ப்பவர் மனதில் எழும் கேள்விக்கெல்லாம் அது பதில். நடுநிலையை மீறினார்களே? மீறினார்கள், ஆனால் எத்தனை உயிர் பிழைத்தது பாருங்கள்.

நான் சாஃப்ட்வேர்க்காரன். இந்த மாதிரி கிராஃப் எனக்குப் பழக்கம். நாம் ஒரு ஃபிக்ஸை டெப்ளாய் பண்ணுவோம், அடுத்த ஒரு மணி நேரத்தில் எரர் குறையும், மேனேஜர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மெயில் அனுப்புவார். இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும், அன்றைக்கு ஒரு பெரிய கஸ்டமருக்கு லீவு, டிராஃபிக்கே இல்லை என்று. முன்னால் நடந்ததாலேயே அது காரணம் ஆகிவிடாது.

1943 மார்ச் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் முக்கியமாக வேட்டையாடியது எங்கே? தென்னாப்பிரிக்கக் கரையோரம். மார்ச் 3, 4 தேதிகளில் டர்பன் அருகே ஒரே நீர்மூழ்கி ஒரு கான்வாயையே சிதறடித்தது. அந்தக் குழுவுக்கு ஜெர்மானியர்கள் வைத்த பெயர் ‘ஸீஹுண்ட்’. மாதக்கணக்கில் கடலில் இருந்த அந்தக் குழு சுற்றை முடித்துக்கொண்டு ஐரோப்பாவுக்குத் திரும்பத் தொடங்கிய சமயம் அது. ஜெர்மானியர்கள் இந்தியக் கரைக்கு அருகில் பெரிய அளவில் வந்தது அந்த வருஷத்தின் பிற்பகுதியில். டர்பனுக்கும் மர்மகோவாவுக்கும் நடுவில் ஒரு பெருங்கடலே கிடக்கிறது. டிரான்ஸ்மிட்டர் எந்தத் தீங்கும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. கிராஃப் இறங்கியதற்கு வேறு நல்ல காரணம் இருக்கும்போது, முழுப் பெருமையையும் ஒரு இரவுக்குக் கொடுக்க முடியாது என்கிறேன். படத்தின் அறக் கணக்கு மொத்தமும் அந்தக் கடைசிக் குறிப்பின் மேல் நிற்கிறது. அதை உருவினால் நான்கு எரிந்த கப்பல்களும் சில பிணங்களும்தான் மிச்சம்.

ஜெர்மானியர்களும் யோக்கியம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 1907 ஹேக் உடன்படிக்கை, கடற்போரில் நடுநிலை நாடுகளைப் பற்றியது, இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது. நடுநிலைக் கடல் எல்லைக்குள் தாக்கக் கூடாது. நடுநிலைத் துறைமுகத்தைப் போருக்கான தளமாகப் பயன்படுத்தக் கூடாது. குறிப்பாக, எதிரியைப் பற்றித் தகவல் அனுப்பக் கம்பியில்லாத் தந்தி வைக்கக் கூடாது. எரன்ஃபெல்ஸ் அந்த டிரான்ஸ்மிட்டரை இயக்கியிருந்தால் முதலில் மீறியது அதுதான். நடுநிலை நாட்டுக்கு உரிமையோடு கடமையும் உண்டு: இதையெல்லாம் நடக்காமல் பார்த்துக்கொள்வது. போர்ச்சுகலுக்கு அதற்கான பலம் கோவாவில் கிடையாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

*

கோவாவின் நடுநிலை உண்மையில் என்ன? படம் கேட்காத கேள்வி இது. நான் தேடிப் போனது இங்கேதான், எதிர்பாராமல் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்ததும் இங்கேதான்.

போர்ச்சுகலுக்கும் இங்கிலாந்துக்கும் பதினான்காம் நூற்றாண்டிலிருந்து நட்பு உடன்படிக்கை உண்டு. சலாசாரின் போர்ச்சுகல் 1939இல் நடுநிலை என்று அறிவித்தபோது பிரிட்டன் அதை எதிர்க்கவில்லை. போர்ச்சுகல் போரில் இறங்கினால் ஃபிராங்கோவின் ஸ்பெயின் மறுபக்கம் சாயலாம், ஒதுங்கியிருப்பதே லாபம். போர்ச்சுகலுக்கும் லாபம். பீரங்கிக்கு வேண்டிய எஃகை உறுதியாக்கும் வொல்ஃப்ராம் தாதுவை அது இரண்டு பக்கமும் விற்றது. அகதிகள் லிஸ்பன் வழியாகத் தப்பித்ததும் அதே துறைமுகத்தில்தான். நடுநிலை என்பது சுத்தமான கை இல்லை. எல்லாரும் தொட்டுவிட்டுப் போகிற கை.

மர்மகோவாவோ வரைபடத்தில் மட்டும்தான் தனி நாடு. அந்தத் துறைமுகத்தை மலைக்கு மேலே பிரிட்டிஷ் இந்தியாவோடு இணைத்த ரயில்பாதை பிரிட்டிஷ் முதலீட்டில் போடப்பட்டது. போர்க்காலத்தில் அதை இயக்கிய கம்பெனி எது தெரியுமா? மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராத்தா ரயில்வே. தலைமையகம் மெட்ராஸில், சென்ட்ரலுக்குப் பக்கத்தில், இன்றைக்குத் தெற்கு ரயில்வே இருக்கும் அதே கட்டடம்.

என் தாத்தா எம்.எஸ்.எம். ஆள். பெரம்பூர் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். பெரம்பூர் பார்த்தது அகலப்பாதை வண்டிகள். கோவா லைன் மீட்டர் கேஜ், அதற்கு ஹூப்ளி. அதனால் தாத்தா கை பட்ட பெட்டி எதுவும் மர்மகோவா போயிருக்காது. ஆனாலும் கம்பெனி ஒன்று. ஒரே கம்பெனியின் ஆட்கள் காஸில் ராக் ஸ்டேஷன்வரை போரில் இருந்தார்கள், அடுத்த ஸ்டேஷனிலிருந்து நடுநிலை ஆகிவிட்டார்கள். இன்ஜின் அதேதான்.

இந்தப் பக்கம் போர் எப்படி இருந்தது? 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியா போரில் இருப்பதாக அறிவித்தார். இந்தியர் யாரிடமும் கேட்கவில்லை. அதை எதிர்த்து காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன, மெட்ராஸில் ராஜாஜியின் மந்திரிசபையும் சேர்த்து. 1942 ஏப்ரலில் ஜப்பான் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும் மெட்ராஸே காலியானது. அரசாங்க ஆபீஸ்கள் ஊரைவிட்டுப் போயின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் வீட்டில் இந்தக் கதையை ஆயா சொல்லும்போது ஜப்பான்காரனைவிட அந்தப் புலிகளுக்காகத்தான் அதிகம் வருத்தப்படுவார். ‘அதுங்க இன்னா பாவம் பண்ணுச்சி?’

அந்தப் பக்கம்? கோவாக்காரர்களிடமும் யாரும் நடுநிலை வேண்டுமா என்று கேட்கவில்லை. 1930இல் வந்த காலனியச் சட்டத்தின்படி அவர்கள் லிஸ்பனின் உடைமை. கூட்டம் போடக்கூட உரிமை இல்லை; 1946 ஜூன் 18 அன்று மட்காவில் ராம் மனோகர் லோகியா பேச எழுந்ததற்கே கைது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கப்பல்களின் சமையலறையிலும் சலூனிலும் வேலை பார்த்தவர்களில் பெரும் எண்ணிக்கை கோவாக்காரர்கள். சொந்த ஊர் நடுநிலை, வேலை பார்க்கும் கப்பல் டார்பிடோவின் குறி. நடுநிலை நாட்டின் பிரஜை, போர்க்கடலில்.

‘தி சீ வுல்வ்ஸ்’ இரண்டு ஐரோப்பியத் தரப்புகளுக்கு நடுவில் நடக்கும் சாகசக் கதை. அது நடக்கும் கரையில் இரண்டு வகை மனிதர்கள் இருந்தார்கள்: கேட்காமலே போரில் சேர்க்கப்பட்டவர்கள், கேட்காமலே நடுநிலை ஆக்கப்பட்டவர்கள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வேலி, வேலியைத் தாண்டி ஒரே ரயில். இதை எடுத்திருந்தால் அது வேறு படம்.

*

படம் மார்ச்சில் முடிந்துவிடுகிறது. துறைமுகம் முடியவில்லை. அப்பாவின் கேள்வி ‘காலைல’ என்று தொடங்குவதால், நானும் அதற்குப் பிறகு என்ன ஆனது என்று பார்த்தேன்.

1943 அக்டோபர். அந்த மாதத்தில் மூன்று விஷயங்கள் நடந்தன. பிரிட்டிஷ் படைகள் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் இறங்கின. இந்த முறை போர்ச்சுகலின் சம்மதத்தோடு, அந்தப் பழைய உடன்படிக்கையைக் காட்டி. அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிகளை வேட்டையாட அந்த விமானதளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எரன்ஃபெல்ஸ் ஒப்பீடே இல்லை. கோவா இரவு பகிரங்கமாகியிருந்தால் அந்தச் சம்மதம் என்ன ஆகியிருக்கும்? ரகசியத்தை அவ்வளவு கவனமாகக் காத்ததற்கு அர்த்தம் இங்கே இருக்கிறது. நடுநிலையை மீறியவர்களுக்கே அந்த நடுநிலை தேவைப்பட்டது.

இரண்டாவது, ஒரு ஜப்பானிய விமானம் மெட்ராஸ் துறைமுகப் பக்கம் குண்டு போட்டது.

மூன்றாவது, ஒரு ஜப்பானியக் கப்பல் மர்மகோவாவுக்கு வந்தது. பெயர் தெய்யா மாரு. அதில் ஜப்பான், சீனா, ஹாங்காங், பிலிப்பைன்ஸ் என்று ஜப்பான் பிடியில் இருந்த இடங்களில் சிக்கிய அமெரிக்கர்கள், கனடாக்காரர்கள், வேறு சிலர் என்று சுமார் 1,500 பேர். மிஷனரிகள், ஆசிரியர்கள், நர்ஸுகள், குழந்தைகள். இன்னொரு பக்கம் நியூயார்க்கிலிருந்து கிரிப்ஸ்ஹோம் என்ற ஸ்வீடன் நாட்டுக் கப்பல், அமெரிக்காவிலிருந்து ஜப்பானியர்களை ஏற்றிக்கொண்டு. ஸ்வீடனும் நடுநிலை. இரண்டு கப்பலும் ஒரே துறைமுகத்தில் கட்டப்பட்டன. அக்டோபர் 19 அன்று ஆட்கள் கப்பல் மாறினார்கள். இவர்கள் அதில், அவர்கள் இதில். பிறகு இரண்டும் வந்த வழியே திரும்பின.

ஏழு மாதத்துக்கு முன்னால் நான்கு கப்பல் எரிந்த அதே துறைமுகம். ஜப்பான் விமானம் நம் துறைமுகத்துக்கு மேலே பறந்த அதே மாதம், அதே இந்தியத் தீபகற்பத்தின் மறுகரையில் ஒரு ஜப்பானியக் கப்பல் சாதுவாக நின்று குழந்தைகளை இறக்கிக்கொண்டிருக்கிறது. உலகத்தில் இது நடக்கக்கூடிய இடங்கள் ரொம்பக் குறைவு. 1942இல் இதே மாதிரி முதல் பரிமாற்றம் நடந்ததும் ஒரு போர்த்துகீசியக் காலனித் துறைமுகத்தில்தான், ஆப்பிரிக்காவின் லொரென்ஸோ மார்க்கஸில்.

‘தி சீ வுல்வ்ஸ்’ படத்தில் நான் வைக்கும் குற்றச்சாட்டு இதுதான். நடுநிலை எதற்குப் பயன்படும் என்பதற்கு அந்தப் படத்தின் கதைக்களமே பதில் வைத்திருந்தது. சண்டை போடும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சுடாமல் நிற்க ஒரு தரை. அந்தத் தரையின் காரை ஒரு இரவில் பெயர்க்கப்பட்டது. அது முழுதாகப் பெயர்ந்துவிடாமல் எல்லாரும் சேர்ந்து பொய் சொன்னார்கள். மாலுமிகளே கொளுத்திவிட்டார்கள் என்று போர்ச்சுகல் நம்புவதுபோல் இருந்தது; நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று பிரிட்டன் இருந்தது. அந்தப் பொய் கோழைத்தனம் என்று நினைத்தால் அக்டோபர் 19 புரியாது. 1,500 பேர் அந்தப் பொய்யின் மேல் நடந்து கரையேறினார்கள்.

*

இதைப் படித்துவிட்டு நடுநிலைக்குக் கோயில் கட்ட வேண்டாம். போர்ச்சுகலுக்கு இன்னொரு காலனியும் இருந்தது: கிழக்குத் தீமோர். 1941 டிசம்பரில், ஜப்பான் வந்துவிடும் என்ற பயத்தில், ஆஸ்திரேலிய, டச்சுப் படைகள் போர்த்துகீசிய ஆட்சேபத்தை மீறி டிலியில் இறங்கின. 1942 பிப்ரவரியில் ஜப்பானே வந்தது. போர் முடிவதற்குள் 40,000 முதல் 70,000 தீமோர் மக்கள் இறந்தார்கள் என்று கணிக்கிறார்கள். லிஸ்பன் கடைசிவரை நடுநிலை. அதே கொடி, அதே அறிவிப்பு. கோவாவில் அது ஒரு கதவு, தீமோரில் அது ஒரு வெற்றுக் காகிதம். வித்தியாசம் என்னவென்றால், கோவா நடுநிலையாக இருப்பது சுற்றியிருந்த பலசாலிக்குத் தேவைப்பட்டது. தீமோர் அப்படி யாருக்கும் தேவைப்படவில்லை.

அதனால் ‘நடுநிலை நல்லதா கெட்டதா’ என்ற விவாதத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நான் கேட்கக் கற்றுக்கொண்ட கேள்விகள் வேறு. யாரைக் கேட்டு எடுத்த நடுநிலை? அதில் யார் கரையேறினார்கள்? அதற்கான விலையைக் கொடுத்தது யார்?

இந்தக் கேள்விகளை ஒரு படத்தின் மேல் வீசுவது சுலபம். என் மேலும் வீசிப் பார்த்தேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சிஸ்டம் விழுந்தது. திங்கட்கிழமை போஸ்ட்மார்ட்டம் மீட்டிங். சேர்ந்து எட்டு மாதம் ஆன ஒரு பெண் மேல் பழி வந்தது. அவள் போட்ட கோடு அல்ல, லீட் கடைசி நிமிஷத்தில் மாற்றிய ஒரு கான்ஃபிக்தான் காரணம் என்று லாகைப் பார்த்திருந்த எனக்குத் தெரியும். என்னைக் கேட்டார்கள். “ரெண்டு பக்கமும் பாயின்ட் இருக்கு, நான் இதுல நியூட்ரல்” என்றேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டாள். எனக்கு அந்த வருஷம் ரேட்டிங் நன்றாக வந்தது.

ரொம்ப நாள் அதை நான் பக்குவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திருக்குறளில் நடுவுநிலைமை என்று ஒரு அதிகாரமே இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லியும் இருக்கிறேன். பிறகு எடுத்துப் படித்தேன். வள்ளுவர் அங்கே காட்டுவது தராசுக்கோலை. தராசு எதையும் எடை போடாமல் ஒதுங்கி நிற்பதில்லை. இரண்டு தட்டிலும் வைத்து, எது கனமோ அந்தப் பக்கம் சாய்ந்து, உண்மையைச் சொல்கிறது. எடைபோடுபவன் தன் ஆசைக்காகக் கோலைச் சாய்க்கக் கூடாது, அவ்வளவுதான். நாம் இன்றைக்குப் போரில் சேராத நாட்டுக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். ஒரே சொல்லுக்குள் நீதிபதியும் இருக்கிறார், ஒதுங்கி நின்றவனும் இருக்கிறான். எனக்கு வசதியான ஆளை நான் எடுத்துக்கொண்டேன்.

மர்மகோவாவோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளக்கூட முடியாது. அந்த நடுநிலையில் குழந்தைகள் இறங்கினார்கள். என்னுடையதில் யாரும் கரையேறவில்லை. கையில் லாக் இருந்தது, பலமும் கொஞ்சம் இருந்தது, இழப்பதற்கு இருந்தது ஒரு ரேட்டிங். விலையை அவள் கொடுத்தாள்.

*

மூன்றாவது முறை படம் பார்த்தது போன மாதம், அதே மாதவரம் வீட்டில். வீட்டுக்கு வெளியே மெட்ரோ வேலை, 200 அடி ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. அப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். படம் முடிந்ததும், அவர் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் கேட்ட கேள்வியை அவரிடமே கேட்டேன். எரிந்த கப்பலை யார் எடுப்பார்கள்?

அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகமே இல்லை. ஆனால் கேள்வி பிடித்திருந்தது. கப்பல் அடியில் கிடந்தால் மற்ற கப்பல் எப்படி ஒதுங்கி வர வேண்டும், டைவர் எப்படி இறங்குவான், தகடு தகடாக எப்படி வெட்டுவார்கள், எண்ணெய் எவ்வளவு நாள் மிதக்கும் என்று அரை மணி நேரம் சொன்னார். கடைசியில் சொன்னார்:

“கொளுத்துனவனும் எடுக்க மாட்டான். கொளுத்த உட்டவனும் எடுக்க மாட்டான். ஹார்பர்ல இருக்கறவன்தான்டா எடுக்கணும்.”